தட்டிப் பார்க்கிற ராஜாங்கம்

காலை ஆறரைக்கு வீட்டு ஓனர் ராஜாங்கம் பின்போர்ஷன் வாசலில் நின்று தொண்டையைச் செருமுவார். இரண்டு செருமலுக்குள் அங்கே வாடகைக்கு இருக்கிற ஜெயசுதா கதவைத் திறந்துவிட வேண்டும். மூன்றாவதற்குப் போனால் மனிதருக்கு முகமெல்லாம் வியர்த்துவிடும். கையில் ஒட்டடைக் குச்சியின் மூங்கில் கழி இருக்கும். நுனியில் இருந்த துடைப்பத்தைக் கழற்றிவிட்டார். படுக்கையறைக்குள் போய், அண்ணாந்து, கழியால் சீலிங்கைத் தட்டுவார். டக் டக் என்றால் காரை கெட்டியாகப் பிடித்திருக்கிறது. டொப் டொப் என்றால் கம்பியை விட்டுவிட்டது. காதைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு, அறை முழுக்கத் தட்டி முடிக்கக் கால் மணி நேரம் ஆகும்.

டொப் என்ற இடத்தைச் சுற்றி ஒரு கோடு. ஸ்டூலில் ஏறி அவரே சாக்பீஸால் போட்டது, பக்கத்தில் தேதியோடு. புரட்டாசியில் சாப்பாட்டுத் தட்டு அளவு இருந்தது. ஆயுத பூஜைக்கு முறம் அளவு. தீபாவளிக்கு, ஒரு ஆள் கைகாலை நீட்டிப் படுக்கிற அளவுக்கு வந்துவிட்டது. சாக்பீஸ் நான் கொடுத்தது. தனியார் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருக்கிறவன் ஒரு மனிதனின் பயத்துக்குச் செய்யக்கூடிய உதவி அவ்வளவுதான்.

“பெரிப்பா, டீ போடட்டுமா?” என்பாள் ஜெயசுதா.

“டீ கெடக்குது. நீ மொதல்ல அந்தாண்ட போம்மா. கோட்டுக்குக் கீழ இன்னாத்துக்கு நிக்கிற?”

“நீங்களும் கீழதான நிக்கிறீங்க?”

“என் தலையில வுழுந்தா இன்னா? பழைய தலை.”

ஜெயசுதாவுக்கு அப்போது ஏழாவது மாதம். தலைப்பிள்ளை. கணவன் தமிழழகன் குட்டியானை வண்டி ஓட்டுகிறவன். விடிவதற்கு முன்பே கரியாலூருக்கு ஏறி, மலையில் விளைந்ததை ஏற்றிக்கொண்டு இருட்டும்போதுதான் இறங்குவான். பகல் முழுக்க அந்த வீட்டில் அவள் தனியாள். கட்டிலை ஹாலுக்கு மாற்றியாகிவிட்டது. ஆனால் கழிப்பறை பின்பக்கம். அதற்குப் போக அந்தப் படுக்கையறையைத் தாண்டித்தான் ஆகவேண்டும். ஏழு மாதக்காரி ஒரு நாளைக்கு எத்தனை தடவை தாண்டுவாள் என்பதை ராஜாங்கம் கணக்குப் போட்டுவைத்திருந்தார். பதினாறு.

இதில் குற்றவாளி நான். கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனதும் ஊரில் இருக்கிறவர்களுக்கெல்லாம் மாடி ஆசை பிடித்தது. ராஜாங்கத்துக்கும் பிடித்தது. நைனார்பாளையத்தில் இருந்த மரவள்ளிக் காட்டை விற்று, பின்போர்ஷன் தலையில் ஒரு மாடியை ஏற்றினார். அந்த மாடியில்தான் நான் இருக்கிறேன். குடும்பம் உளுந்தூர்பேட்டையில், சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை பஸ் ஏறுகிறவன். என் குளியலறை மிகச்சரியாக ஜெயசுதாவின் படுக்கையறைக்கு மேலே. நான் ஊற்றிய ஒவ்வொரு சொம்புத் தண்ணீரும் எங்கேயோ ஒரு விரிசல் வழியாக இறங்கி, அவள் சீலிங்கில் வேலையைக் காட்டியிருக்கிறது.

விஷயம் தெரிந்த அன்றே குளியலறைக்குப் பூட்டு விழுந்தது. நாற்பத்தாறு வயதில், துண்டைக் கட்டிக்கொண்டு, தெருவே பார்க்க, மாடிப்படிக்குக் கீழே இருக்கிற குழாயில் குளிக்கிறேன். அங்கேயும் வந்து நிற்பார்.

“தப்பா நெனச்சிக்காதீங்க சார். கொஞ்சம் கம்மியா ஊத்திக்கோங்க.”

“இது தரை சார். இதுக்குக் கீழ பூமிதான் இருக்கு.”

“ஆமாமா. வாய் பழகிடுச்சு.”

அறுபத்திரண்டு வயது. ஒல்லி. வேட்டியை எப்போதும் மடித்தே கட்டியிருப்பார், ஓட வேண்டி வந்தால் தயாராக. அரைஞாண் கயிற்றில் ஏழு சாவிகள். கண்ணைக் கட்டிவிட்டாலும் இது மாடி, இது பின்போர்ஷன், இது மோட்டார் ரூம் என்று தடவிச் சொல்லிவிடுவார். தெருக்கோடியில் யாராவது சுத்தியல் எடுத்தால் இவர் வாசலுக்கு வந்துவிடுவார். “யார் வூட்ல ஆணி அடிக்கிறாங்க?” எங்கள் போர்ஷன்களில் ஆளுக்கு நான்கு கொக்கிகள் அவரே வைத்துக் கொடுத்திருக்கிறார். காலண்டர், கடிகாரம், சாமி படம், சட்டை எல்லாம் அந்த நான்கில் அடங்க வேண்டும். ஐந்தாவதாக ஒரு கண்ணாடியைப் பசை டேப்பில் ஒட்டினேன். வந்து பார்த்தார். “நீங்க படிச்சவரு சார்,” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அன்று இரவே கண்ணாடியை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

கல்யாணம் காட்சிக்கு வெளியூர் போனால் பந்தியில் உட்கார்ந்தபடி போன் வரும். “மோட்டார் ஓடுற சத்தம் கேக்குதா சார்? டேங்க் வழியுதா பாருங்க.” பின்னால் நாதஸ்வரம் கேட்கும். மாலையில் மொட்டைமாடிக்கு வந்து மேற்கே பார்ப்பார். கல்வராயன் மலை கோடாகத் தெரிந்தால் நிம்மதியாக இறங்குவார். மலை மேகத்தில் மறைந்திருந்தால் போயிற்று. அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

“எல்லாரும் இன்னா நெனைக்கிறாங்க சார்? ஓனர்னா கால் மேல கால் போட்டுக்கினு குந்திக்கினு இருப்பான்னு. உங்களுக்கு இந்த வூடு புடிக்கலன்னா சாமானை வண்டியில ஏத்திக்கினு போய்டலாம். நான் எங்க போவன்? மூணு குடும்பத்துத் தலைக்கு மேல இருக்கிற கல்லெல்லாம் என் கல்லு.”

சரி, கொத்திப் பூசிவிட்டால் தீர்ந்தது, இரண்டு நாள் வேலை, இதற்கு ஏன் இத்தனை பாடு என்று நானும் கேட்டேன். கொலை செய்யச் சொன்ன மாதிரி என்னைப் பார்த்தார்.

“புள்ளத்தாச்சி இருக்கிற வூட்ல உளி படலாமா சார்?”

கொத்தனார் கண்ணாயிரமும் அதே கட்சி. வந்து பார்த்தார். சாமான் பையைக்கூட கேட்டுக்கு வெளியிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். “அண்ணா, அந்தப் பொண்ணு பெத்து எடுக்கட்டும். அதுக்கு முன்னாடி நீ இன்னா குடுத்தாலும் இந்த வூட்ல நான் உளி எடுக்க மாட்டன். எனக்கும் புள்ளகுட்டி இருக்குது.” மாடியில் என் குளியலறைத் தரையைக் கொத்தலாமே என்றேன். அதுவும் அவள் தலைக்கு மேலேதான், கூடாது. சரி, வேறு வீட்டுக்குப் போகட்டும் என்றால், ஜெயசுதாவின் அம்மா நைனார்பாளையத்திலிருந்து போனிலேயே கத்தினார். மாசமாக இருக்கிறவள் வீடு மாறக் கூடாதாம். இடிக்கவும் கூடாது, இடம் மாறவும் கூடாது. இருபது வருடமாகக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன், இப்படி ஒரு கணக்கை எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை.

அன்றைக்கு எனக்குக் கோபம்தான். வீட்டுக்காரம்மா கமலாவிடம் போய், “மேல விழுந்தா பரவாயில்லை, உளி மட்டும் படக் கூடாதா? என்னம்மா நியாயம்?” என்று கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கையால் மேலே காட்டினார். முன்போர்ஷன் ஹால் நடுவில் சீலிங்கில் ஒரு இரும்புக் கொக்கி. அதற்குமுன் நூறு தடவை அந்த ஹாலில் காப்பி குடித்திருக்கிறேன், அதைக் கவனித்ததில்லை.

“மொதப் புள்ளைக்குத் தூளி கட்டணும்னு ஒம்பதாம் மாசத்துல அவரே ஏறி ஓட்டை போட்டாரு. சந்தோசம் தாங்கல அவருக்கு. நான்தான் கீழ நின்னு ஸ்டூலைப் புடிச்சிக்கினு இருந்தன். அஞ்சாம் நாளு வலி வந்துச்சு.” ஒரு கீரைத்தண்டைக் கிள்ளி எறிந்தார். “புள்ள அழுவல.”

பிறகு ஒரு மகன் பிறந்திருக்கிறான். இப்போது பெங்களூரில் வேலையாக இருக்கிறான். அவனை வாடகைத் தொட்டிலில் போட்டு வளர்த்தார்களாம். முப்பத்தைந்து வருடமாக அந்தக் கொக்கியில் ஒரு துணிகூடத் தொங்கியதில்லை. அதற்கப்புறம் நான் ராஜாங்கத்திடம் நியாயம் பேசப் போகவில்லை.

அவருக்கு இருந்த ஒரே நம்பிக்கை வளைகாப்பு. வளைகாப்பு முடிந்தால் பெண் தாய்வீட்டுக்குப் போய்விடும். போனதும் வேலையை ஆரம்பித்துவிடலாம். தீபாவளி கழிந்த வாரம் நாள் குறித்தார்கள். பெண்ணின் அப்பா இருந்திருந்தால்கூட அப்படி ஓடியாடியிருக்க மாட்டார். பந்தல் போட வந்தவர்களைப் பள்ளம் தோண்டவிடவில்லை. டிரம்மில் மணலைக் கொட்டி, அதில் கம்பை நட்டுத்தான் பந்தல் நின்றது. மாடிப்படிக்குக் கீழே நான்கு மூட்டை சிமெண்ட் வந்து இறங்கியது. விடிந்ததும் கண்ணாயிரம் வருவதாக ஏற்பாடு.

வளைகாப்பு முடிந்தது. மறுநாள் காலை ஊருக்குக் கிளம்புவதற்கு முன் ஒரு தடவை காட்டிவிடலாம் என்று ஜெயசுதாவை டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். பிரஷர் ஜாஸ்தி, பிரசவம் வரை ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். திரும்பி வந்ததும் அவள் அம்மா தன் பையைப் பிரித்துத் துணிமணிகளைப் பின்போர்ஷன் அலமாரியில் அடுக்க ஆரம்பித்தார். “நல்லதும்மா, நல்லது. அதான் நல்லது,” என்றார் ராஜாங்கம். அவர் கை சிமெண்ட் மூட்டையின் மேல் இருந்தது.

வந்தது வந்தாகிவிட்டது என்று, கண்ணாயிரம் மிச்சமிருந்த புளிசாதத்தைச் சாப்பிட்டுவிட்டு உள்ளே போய் அண்ணாந்து பார்த்தார். கோட்டைப் பார்த்தார். தேதிகளைப் படித்தார். மூலையில் சாத்தியிருந்த கழியைக் கையில் எடுத்தார்.

“இத்தால தட்டிப் பாக்கிறியா அண்ணா?”

“ஆமா. தெனமும்.”

“எத்தினி நாளா?”

“ரெண்டு மாசமா.”

“அய்ய! காரை லேசா வுட்டுச்சின்னா அத்த ஆட்டாம வுட்டுடணும். நீ தட்டித் தட்டி நல்லா இருந்த காரையையும் சேத்து வுட வெச்சிருக்கிற. நான் உளியத் தொட மாட்டன்னு ஒதுங்கி நிக்கிறன். நீ இன்னாடான்னா தெனம் காலைல எழுந்து புள்ளத்தாச்சி வூட்ல இடிச்சிக்கினு இருந்திருக்கிற.”

கண்ணாயிரம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ராஜாங்கம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் மாடியேறி வந்தார். வாசலிலேயே நின்றார்.

“சார், நீங்க கணக்கு வாத்தியாரு. மூங்கில் கழி இடிக்கிறதுல சேருமா?”

“சேராது சார்.”

“நுனி மழுங்கின கழிதான். மெதுவாத்தான் தட்டினன்.”

“சேரவே சேராது.”

நம்பவில்லை. கழி பரண் ஏறியது. மறுநாளும் ஆறரைக்கு வாசலில் வந்து செருமினார். ஆனால் உள்ளே போகவில்லை. “ஏதாச்சும் உதிர்ற சத்தம் கேட்டுச்சாம்மா?” என்று கேட்டுவிட்டுத் திரும்பினார். தட்டிக்கொண்டிருந்தபோதாவது எவ்வளவு விட்டிருக்கிறது என்று தெரிந்தது. இப்போது ஒன்றும் தெரியவில்லை. அடுத்த மூன்று வாரத்தில் அவர் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டது. பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது.

கார்த்திகையில் மழை பிடித்தது. மூன்று நாளாக மலையே இல்லை. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். மத்தியானம் படுத்துப் புரண்டுகொண்டிருந்தேன். என் முதுகுக்குக் கீழே தரை ஒரு தரம் அதிர்ந்தது. தொம் என்ற சத்தம் அதற்கப்புறம்தான் காதுக்கு வந்தது.

நான் படியிறங்கி ஓடும்போது முன்போர்ஷனிலிருந்து ராஜாங்கம் ஓடிவந்தார். பாதிச் சாப்பாட்டில் எழுந்திருக்கிறார், கையெல்லாம் சோறு. கதவு உள்பக்கம் பூட்டியிருந்தது. அரைஞாண் கயிற்றைப் பிடித்து இழுத்தார். கண்ணைக் கட்டினாலும் சாவி சொல்கிறவர், என் வீட்டுச் சாவியை நுழைத்தார். மோட்டார் ரூம் சாவியை நுழைத்தார். “சுதா! ஏம்மா சுதா! பேசும்மா!” நான் பிடுங்கித் திறக்கலாம் என்றால் சாவி அவர் இடுப்போடு இருந்தது. இரண்டு பேரும் கதவில் முட்டிக்கொண்டு நின்றோம்.

கதவு திறந்தது. ஜெயசுதா நின்றாள். தலைமுடியில், தோளில், புருவத்தில் எல்லாம் வெள்ளைத் தூசி.

“பின்னாடி போய்ட்டு வந்து, இப்பதான் பெரிப்பா ஹால்ல காலு வெச்சன். முதுகுக்குப் பின்னாடி வுழுந்துச்சு.” அவள் குரல் நன்றாகத்தான் இருந்தது. பாயில் தூங்கி எழுந்த அவள் அம்மாதான் வாய்விட்டு அழ ஆரம்பித்தார்.

உள்ளே போனோம். சாக்பீஸ் கோடு போட்ட இடம் மொத்தமும் தரையில் கிடந்தது. மேலே துருப்பிடித்த கம்பிகள். காரைத் துண்டுகளில் அவர் கையெழுத்தில் தேதிகள். ராஜாங்கம் குந்தி உட்கார்ந்து ஒரு துண்டைத் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“சார், நீங்க பாத்தீங்க இல்ல? யாரும் தொடல. தானா வுழுந்துச்சு.”

கண்ணாயிரம் சொன்னது எனக்கு மறக்கவில்லை. “தானாத்தான் விழுந்துச்சு. நான் சாட்சி,” என்றேன்.

அதற்கப்புறம் சீலிங் பயம் போய் வேறு பயம் வந்தது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கமலாம்மாவைப் பின்னால் அனுப்புவார். “போய்க் கேட்டுக்கினு வா. வயித்துல அசைவு இருக்குதாமா?” கமலாம்மாவும் சலிக்காமல் போவார். திரும்பி வந்து, “உதைக்குதாம்,” என்பார். மார்கழி நடுவில் ஒரு காலை ஜெயசுதாவுக்கு வலி எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ராஜாங்கம் போகவில்லை. போனை மடியில் வைத்துக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருந்தார். பதினொன்றரைக்கு தமிழழகன் கூப்பிட்டான். ஆணா பெண்ணா என்று இவர் கேட்கவில்லை.

“அழுவுதாப்பா?”

தமிழழகன் போனைக் குழந்தையிடம் கொண்டுபோயிருக்க வேண்டும். ராஜாங்கம் தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு, வெகுநேரம் போனைக் காதில் வைத்திருந்தார். பெண் குழந்தை என்று எனக்கு அப்புறம் கமலாம்மாதான் சொன்னார்.

பிள்ளை பிறந்ததும் உளி எடுக்கிறேன் என்ற கண்ணாயிரம் சொன்ன நாளைக்கு இரண்டு நாள் தள்ளித்தான் வந்தார். வழக்கம்போல. பின்போர்ஷனில் காரை பூசி ஈரம் காயாமல் இருந்ததால், தாயும் பிள்ளையும் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக முன்போர்ஷனுக்கு வந்துவிட்டார்கள். பதினாறாம் நாள் தீட்டுக் கழித்து, பிள்ளையைத் தூளியில் போடுகிற நாள். என்னையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். ஜெயசுதாவின் அம்மா பழைய நூல்சேலை ஒன்றைக் கொண்டுவந்து ஹாலில் நின்று அண்ணாந்து பார்த்தார். அந்தம்மாவுக்கு ஒன்றும் தெரியாது.

“இந்தக் கொக்கி சும்மாதான இருக்குது? இதுலயே கட்டிடலாமாங்க?”

ராஜாங்கம் சமையலறைப் பக்கம் பார்த்தார். அங்கே பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. கமலாம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

“கட்டுங்க,” என்றார்.

தமிழழகன் ஸ்டூலில் ஏறிக் கட்டினான். கமலாம்மாதான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். மஞ்சள் தடவி, பொட்டு வைத்து, பிள்ளையைத் தூக்கிவந்தார்கள்.

“இருங்க, இருங்க,” என்று ராஜாங்கம் குறுக்கே வந்தார். தூளியை ஒரு கையால் இழுத்துப் பார்த்தார். இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். போதவில்லை. வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, திரும்பி, தூளிக்குள் உட்கார்ந்தார். ஒரு காலைத் தரையிலிருந்து எடுத்தார். இன்னொரு காலையும் எடுத்தார். சேலை இறுகி, கொக்கி லேசாக முனகியது. “ஐயோ பெரிப்பா!” என்று ஜெயசுதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எல்லாரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. காலிரண்டும் அந்தரத்தில் இருக்க, தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு, மேலே ஏதாவது சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கமலாம்மா பக்கத்தில் போய், சேலை விளிம்பில் கை வைத்து, தூளியை மெதுவாக ஒரு ஆட்டு ஆட்டினார்.